மலாக்காவுக்கும் ஒரு குளிர்காலம் உண்டு, தெரியுமா?

நிலநடுக்கோட்டுக்கு இரண்டே டிகிரி வடக்கே, பன்னிரண்டு மாதமும் வேர்த்துக் கொட்டுகிற மாநிலத்தில், மரமெல்லாம் மொட்டையாகி நிற்கும் ஒரு காலம் உண்டு, தெரியுமா? ஒன்றிரண்டு மரமில்லை, ஒரு மேடு முழுக்க! பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்பழுப்பாகி, காற்று அடிக்கிறபோதெல்லாம் இலை பொலபொலவென்று கொட்டும். கணுக்கால் மூழ்கும் சருகில் சரக் சரக்கென்று நடக்கலாம். ஜனவரிப் பிற்பாதியில் ஆரம்பித்து மார்ச் வரைக்கும், ரப்பர் மரம் மிச்சமிருக்கிற இடத்திலெல்லாம் இந்த வேடிக்கை நடக்கிறது. ஜோங்கர் சாலையில் செண்டோலுக்கு வரிசை பிடித்து நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு, கொஞ்சம் வண்டியைத் திருப்பினால் இப்படி ஒரு காடு இருக்கிறது என்பதே தெரியாது.

ஐரோப்பாவில் இந்த மாதிரிப் பயணத்துக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. கோடையில் ஜனம் நெரியும் மத்தியதரைக்கடல் தீவுகளுக்கு அவர்கள் குளிர்காலம் பார்த்துத்தான் போவார்கள். மயோர்க்காத் தீவில் பிப்ரவரியில் வாதுமை மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். கிரீட்டில் ஒலிவக்காய் பறித்து எண்ணெய் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். கடற்கரை ஹோட்டல்கள் பூட்டிக் கிடக்க, உள்ளே இருக்கிற கிராமம் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். நமக்கு அந்தத் தீவுகளும் எட்டாது, டிக்கெட் விலையும் எட்டாது. மலாக்கா எட்டும்! கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிட்டு, ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துக் கிளம்பினால் ஜாசின், அலோர் காஜா பக்கத்துச் சாலைகளில் உங்களுக்குக் குறுக்கே வருவது பெரும்பாலும் கோழியும் மோட்டார் சைக்கிளும்தான்.

மழை பெய்யாதா என்று கேட்பீர்கள். தெரியுமா, அந்த மாதங்களில்தான் மலாக்காவில் மழை குறைவு! வடகிழக்குப் பருவக்காற்று கோத்தா பாருவையும் கோலத் திரங்கானுவையும் வெள்ளத்தில் மிதக்கவிட்டுத் தொலைக்காட்சிச் செய்தியை நிறைத்துக்கொண்டிருக்கும். நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் முதுகைக் காட்டி நிற்பதால் மேற்குக்கரைக்கு வந்து சேரும்போது அந்தக் காற்றில் ஈரம் தீர்ந்திருக்கும். ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். ரப்பர் மரம் இலை உதிர்ப்பதும் இந்த வறட்சியைப் பார்த்துத்தான். அமேசான் காட்டில் பிறந்த மரம் அது. தண்ணீர் குறைகிற காலத்தில் இலையை வைத்துக்கொண்டு நீரை ஆவியாக விடுவதைவிட, கொட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்ப்பது மேல் என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. துரைமார் தங்கள் அறிக்கைகளில் இதற்கு 'விண்டரிங்' என்றே பேர் வைத்தார்கள். லயத்தில் அதைச் சொன்ன விதம் வேறு: எல கொட்டுற காலம்.

வெறும் அழகு என்று நினைத்துவிடாதீர்கள். இலை இல்லாத மரத்தில் பால் சுரப்பு விழுந்துவிடும். புதுத் துளிர் முற்றும்வரை பல தோட்டங்களில் வெட்டையே நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். மரத்துக்கு ஓய்வு என்றால் பால்வெட்டுக்காரருக்குக் கூலி இல்லை! எடைக்குத் தகுந்தபடி சம்பளம் எண்ணிய காலத்தில், பொங்கல் முடிந்த கையோடு வருகிற இந்த இரண்டு மாதம்தான் சீனன் கடைக் கணக்குப் புத்தகம் கனத்துப்போகிற காலம். நமக்குப் படம் பிடிக்கத் தோன்றும் அந்தச் சிவப்பு இலையைப் பார்த்து, தோட்டத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் உச்சுக் கொட்டுவார்கள். அது தெரிந்துகொண்டு போவது நல்லது.

இன்னும் இருக்கிறது! மொட்டை மரம் சில வாரங்களில் துளிர்க்கும். அந்தத் துளிர் பச்சை இல்லை. தாமிர நிறம், சில மரத்தில் கருஞ்சிவப்பு. ஒரு காம்புக்கு மூன்று இலை, மூன்றும் பலமில்லாமல் தலைகீழாகத் தொங்கும். கிட்டப் போய் அந்த மூன்றும் சேருகிற இடத்தைப் பாருங்கள். சிறு புள்ளிகளாகச் சுரப்பிகள் இருக்கும், அதில் தேன் துளிர்த்து நிற்கும்! பூவில் அல்ல, இலைக்காம்பில் தேன். எறும்பு வரிசை கட்டும், தேனீ மொய்க்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேன் கேள்விப்பட்டிருப்பீர்கள் அல்லவா? அங்கே தேனீ வளர்ப்பவர்கள் இந்தத் துளிர்க் காலத்தில் பெட்டிகளை ரப்பர்த் தோட்டங்களுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நாம் வாங்கிச் சாப்பிடும் அந்தத் தேனில் பெரும் பங்கு பூவையே பார்க்காத தேன்!

துளிருக்குப் பின்னால்தான் பூ. சின்னச் சின்ன மஞ்சள் பூ, மணம் தூக்கும். அது காயாகி முற்ற ஐந்தாறு மாதம் ஆகும். ஆகஸ்ட் வெயிலில் அந்தக் காய் பட்டென்று வெடித்துக் கொட்டையை மரத்துக்கு அப்பால் தூக்கி எறியும். சிமெண்டுத் தரையில் கித்தாக் கொட்டையைச் சூடு பறக்கத் தேய்த்து, அடுத்தவன் கையில் வைத்து அலறவைத்த தலைமுறை இன்னும் நம் நடுவே இருக்கிறது. அந்தப் பளபளக் கொட்டைக்குள் சயனைடு தரக்கூடிய நஞ்சு இருக்கிறது, தெரியுமா? மரவள்ளிக் கிழங்கில் இருக்கிற அதே சரக்கு. ரப்பரும் மரவள்ளியும் ஒரே ஆமணக்குக் குடும்பம். மலாக்காக் கதையில் இந்த உறவுக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. இதோ வருகிறேன்.

முதல் தோட்டம் எங்கே?

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் பேராக்கிலும் இல்லை, சிலாங்கூரிலும் இல்லை. மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில்! ஆண்டு 1896. நட்டவர் வெள்ளைக்காரரும் இல்லை. டான் சாய் யான் என்கிற மலாக்கா பாபா. சிங்கப்பூரில் டான் டொக் செங் மருத்துவமனை இருக்கிறதே, அந்த டான் டொக் செங்கின் பேரன். அதுவரை மலாக்காச் சீன முதலாளிகள் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தார்கள். மண்ணை உறிஞ்சிவிடும் பயிர் அது. நாலைந்து அறுவடைக்குப் பிறகு நிலம் சோர்ந்துபோகும். அந்த நேரத்தில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி சட்டைப்பையில் ரப்பர் விதையோடு அலைந்துகொண்டிருந்தார். பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் நடு, நடு என்று நச்சரித்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பேர். காப்பி போட்டுக்கொண்டிருந்த துரைமார் சிரித்தார்கள். டான் சாய் யான் சிரிக்கவில்லை. நாற்பது ஏக்கர் சொச்சத்தில் நட்டுப் பார்த்தார். 1898-இல் ஜாசின் பக்கம் புக்கிட் ஆசாஹானில் ஏறக்குறைய 3000 ஏக்கருக்குத் தாவினார். மரவள்ளி நின்ற மண்ணில் மரவள்ளியின் தாயாதி!

அந்த விதையின் கதை அதைவிடப் பெரியது. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தது அதில் கொஞ்சம்தான். முளைத்ததில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்குப் போய், கம்பஹா பக்கம் ஹெனரத்கொட பூங்காவில் இறங்கியது. சிங்கப்பூருக்கு 1877-இல் வந்தது வெறும் 22 கன்று. இருபத்திரண்டு! அவற்றில் ஒன்பது கோலாகங்சாருக்குப் போயின. மலாயாவில் நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய காடெல்லாம் பெரும்பாலும் இந்தச் சின்னக் கூட்டத்தின் வம்சாவளி. ரிட்லி என்ன ஆனார் என்கிறீர்களா? பைத்தியம் என்று சிரித்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகும் இருந்து, 1956-இல் நூறு வயதைக் கடந்து கண்ணை மூடினார்.

டான் சாய் யான் பெயரில் ஒரு பூவும் இருக்கிறது! அவர் மகன் டான் ஹூன் சியாங் ஆர்க்கிட் பைத்தியம். அவர் கலப்பினம் செய்து அப்பாவின் பெயரைச் சூட்டிய 'வாண்டா டான் சாய் யான்' 1954-இல் லண்டன் செல்சி மலர்க்கண்காட்சியில் உயர்ந்த சான்றிதழ் வாங்கியது. ரப்பர் நட்ட முதலாளிக்கு ஆர்க்கிட் கிடைத்தது. வெட்டிய சனத்துக்கு என்ன கிடைத்தது? புக்கிட் லிந்தாங் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று ஒரு பள்ளிக்கூடப் பெயர் இன்றும் இருக்கிறது. டைமண்ட் ஜூபிலி தோட்டத் தமிழ்ப்பள்ளி, கெமுனிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று மாநிலத்தில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். பலவற்றின் பெயர்ப்பலகையில் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் வருவதோ வீடமைப்புப் பகுதிகளிலிருந்து, வேனில். மலாக்கா நாட்டுப்புறத்தில் தமிழன் எங்கெங்கே இருந்தான் என்று தெரிய வேண்டுமா? இந்தப் பள்ளிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டுங்கள். அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. பக்கத்திலேயே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும். எதிரே பழைய ஸ்டோர் கட்டடம் இருந்தாலும் இருக்கும்.

உலகம் சுற்றும் சைம் டார்பி நிறுவனம் பிறந்ததும் இங்கேதான், தெரியுமா? 1910-இல் வில்லியம் சைம், ஹென்றி டார்பி முதலானவர்கள் மலாக்காவில் ஒரு சிறு ரப்பர்த் தோட்ட நிர்வாகத்தோடு தொடங்கிய கம்பெனி அது.

விடியலுக்கு முன்னால் ஒரு வெட்டு

மலாக்காவில் பிப்ரவரியில் சூரியன் ஏழே காலைத் தாண்டித்தான் தலை காட்டும். ஏன் இவ்வளவு தாமதம்? 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது! சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக. சூரியனுக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் சிறுதோட்டங்களில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டுதான் வெட்டப் போகிறார்கள்.

விடிந்து வெட்டினால் என்ன? பால் குறையும்! வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் ஆவியாகி, பட்டைக்குள் இருக்கிற அழுத்தம் இறங்கிவிடும். அழுத்தம் உச்சத்தில் இருக்கிற கருக்கலில் வெட்டினால்தான் மங்கு நிறையும். ஒரு சிறுதோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருந்தால், கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பாருங்கள். "பாத்துக்கட்டுங்களா அண்ணே?" என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், கொசுவைத் தட்டச் சொல்வார்கள். முதலில் நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் நாடாவாக உரிப்பார்கள். அப்புறம் கத்தி. பட்டையில் நூல் கனத்துக்கு ஒரு சீவல், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் உயிர்த்திசுவில் காயம் பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், அடுத்த வட்டம் வெட்ட முடியாது. சீவிய கோட்டில் வெள்ளை முத்து முத்தாக எழும்பி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கோடு வழியே வழிந்து, தகரப் பீலியில் இறங்கி மங்கில் சொட்டும். இதையே ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் விடிவதற்குள் செய்தார்கள் நம் ஆட்கள். அதுவும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்து!

ஒன்று கவனித்தீர்களா? எந்த ஊர் மரமானாலும் வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். மிஞ்சிப்போனால் ஐந்து டிகிரிச் சாய்வு, அதை நம்பி ஒரு தொழில்!

சொட்டுவது மரத்தின் சாறு இல்லை என்பதும் தெரியுமா? தண்ணீர் ஏறும் குழாய் வேறு, பால் ஓடும் குழாய் வேறு. அந்தப் பாலிலும் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்.

குளிர்காலத்தைத் தின்ற மரம்

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. மலாக்காவில் இந்தக் குளிர்காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 1960-களிலிருந்து பெரிய கம்பெனிகள் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டன. செம்பனைக்கு இலையுதிர்வு கிடையாது. ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். வருஷம் முழுக்க அதே பச்சை, வருஷம் முழுக்க அறுவடை. ஒரு மாநிலத்திலிருந்து ஒரு பருவத்தையே எடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது! கூலிக்காரருக்கு அது நல்லதா கெட்டதா என்று கேட்டால், எல கொட்டுற காலத்துப் பட்டினி போனது நல்லது. ஆனால் ரப்பரைவிடச் செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும் என்பதால் கூடவே ஆளும் போனார்கள். இன்று மலேசியாவின் ரப்பர் நிலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சிறுதோட்டக்காரர்களிடம் இருக்கிறது. ஆகவே சிவந்த இலை பார்க்க வேண்டுமானால் பெரிய எஸ்டேட் வாசலைத் தேடாதீர்கள். கம்பத்துச் சாலைகளில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் துண்டுகளாக நிற்கும் பழைய கித்தாக் காட்டைத் தேடுங்கள்.

செம்பனையிலும் வியப்பு இல்லாமல் இல்லை. 1981-க்கு முன்னால் மலேசியச் செம்பனைக்குப் பல இடங்களில் மனிதர்தான் மகரந்தம் ஊத வேண்டியிருந்தது! குலை குலையாகத் தேடிப்போய் மகரந்தப் பொடியை ஊதிவிட ஒரு தனி வேலைப் படை. ஆப்பிரிக்காவில் அதே மரம் தானாகக் காய்ப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு போனவர் ரஹ்மான் சையத் என்கிற பாகிஸ்தான் பூச்சியியலாளர். கேமரூனில் ஒரு கூன்வண்டு அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். வண்டைச் சோதித்து, மலேசியாவுக்குக் கொண்டுவந்து, 1981-இல் ஜொகூர்த் தோட்டங்களில் திறந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே அந்தச் சின்னஞ்சிறு பூச்சி நாடு முழுக்கப் பரவி, ஊதுகிற வேலையே ஒழிந்தது. இன்று மலாக்காத் தோட்டத்தில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு குலையும் அந்தக் கேமரூன்காரன் கைங்கரியம்!

செம்பனை நடுவே கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது புறாக்கூண்டு இல்லை, ஆந்தைக்கு வீடு. எலி பிடிக்கக் கூகை ஆந்தையைக் குடிவைக்கிறார்கள்.

வெட்டிச் சாய்த்த ரப்பர் மரம் என்ன ஆயிற்று? ஒரு காலத்தில் விறகு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட அதைத்தான் எரித்தார்கள். இப்போது அதே மரம் மேசை, நாற்காலி, கட்டிலாகி உலகம் முழுக்கக் கப்பலேறுகிறது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் குனிந்து பாருங்கள், வெளிறிய மஞ்சள் மரமாக இருந்தால் ஓய்வு பெற்ற பால் மரமாக இருக்க வாய்ப்புண்டு.

தண்டவாளம் எங்கே போனது?

மலாக்கா நகரத்துக்கு ரயில் இல்லை. ரயிலில் போகிறவர்கள் பூலாவ் செபாங் நிலையத்தில் இறங்கி மிச்சத் தூரத்தைச் சாலையில் போக வேண்டும். ஆனால் ரயில் இருந்தது, தெரியுமா? தம்பினிலிருந்து மலாக்கா வரை 1905-இலேயே கிளைப்பாதை போட்டாயிற்று. தோட்டத்து ரப்பர் துறைமுகத்துக்கு இறங்கியது அதில்தான். ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். பிடுங்கி எங்கே கொண்டுபோனார்கள்? சயாம்–பர்மா ரயில்பாதைக்கு! சயாம் மரண ரயில் என்று நம் குடும்பங்களில் இன்றும் குரல் தாழ்த்திச் சொல்லும் அதே 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனது அங்கேதான், பெரும்பகுதி திரும்பவில்லை. ஆளும் போய், இரும்பும் போய், ஒரே காட்டில் சேர்ந்தன. போருக்குப் பிறகு அந்தக் கிளைப்பாதையைத் திரும்பப் போடவே இல்லை. அலோர் காஜாவிலிருந்து நகரத்துக்கு வண்டியில் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

பூலாவ் செபாங் ஊரிலேயே ஒரு வேடிக்கை. தெருவின் இந்தப் பக்கம் மலாக்கா, அந்தப் பக்கம் தம்பின், அது நெகிரி செம்பிலான். ஒரே கடைவீதி, இரண்டு மாநிலம். தே தாரே குடித்துவிட்டுப் பாக்கிச் சில்லறையை எண்ணுவதற்குள் மாநிலம் மாறியிருப்பீர்கள்!

தையிலும் மாசியிலும்

போகிக்கு மூதாதையருக்குப் படையல் போடும் தமிழ் வம்சாவளியினர் மலாக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்! காஜா பெராங்கில் இருக்கிற கம்போங் செட்டிக்கு ஜனவரி நடுவில் போனால் பார்க்கலாம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட செட்டிகளின் வழி வந்தவர்கள். பெண்கள் கட்டுவது சரோங் கெபாயா. வாசலில் தொங்குவது மாவிலைத் தோரணம். கும்பிடுவது மாரியம்மனையும் சிவனையும். பொங்கலுக்கு முந்தின நாள் 'பார்ச்சு பொங்கால்' என்று வாழை இலை விரித்து, இறந்த பெரியவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வரிசையாகப் பரிமாறுவார்கள். பழக் காலம் வந்ததும் பழத்துக்கென்றே இன்னொரு பார்ச்சு. அம்மனுக்கு எடுக்கும் 'டத்தோ சாச்சார்' திருவிழா ஏப்ரல், மே பக்கம். 1822-இல் எழுந்த முத்து மாரியம்மன் கோயிலை மையமாக வைத்து அது நடக்கும். தோட்டத்துத் தமிழர் கங்காணியோடு கப்பலேறி வருவதற்கு நூற்றாண்டுக் கணக்கில் முன்பே வந்தவர்கள் இவர்கள். மொழி கரைந்தும் நெற்றியில் விபூதி கரையவில்லை. இது வீட்டுச் சடங்கு, கண்காட்சி இல்லை. கூப்பிட்டால் உள்ளே போங்கள். கூப்பிடாவிட்டால் தெருவிலேயே நடந்துவிட்டு அங்குள்ள செட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நகரத்துப் பொற்கொல்லர் தெருவில் இருக்கிற பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது. டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில், செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டி கட்டியது. மலேசியாவில் இன்றும் விளக்கெரியும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதைத் தாண்டினால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்று மதத்துக்கும் நடந்தே போய்விடலாம். மாசி மகத்துக்கு வந்தால் இன்னும் விசேஷம்! இந்தப் பிள்ளையார் கோயிலிலிருந்து முருகன் ரதமேறி, செங் பகுதியில் இருக்கிற சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் புறப்படுவார். நகரத்தார் நடத்தும் திருவிழா. காவடியும் பால்குடமுமாகச் சிங்கப்பூரிலிருந்தெல்லாம் சனம் வந்து இறங்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கூட்டத்தில் நசுங்கியவர்கள் ஒரு வருஷம் மாசிக்கு இங்கே வந்து பாருங்கள். தேருக்குப் பக்கத்தில் நடக்க இடம் கிடைக்கும்.

ஒரே மூச்சில் இன்னும் சில! எரிமலையே இல்லாத மலாக்காவில் வெந்நீர் ஊற்று உண்டு. அலோர் காஜா பக்கம் காடெக்கில் ஒன்று, ஜாசின் பக்கம் பெம்பானில் ஒன்று. மழைநீர் கருங்கல் பிளவு வழியே ஆழத்தில் இறங்கிச் சூடேறித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான் ரகசியம். காலை வேளையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முட்டிவலிக்கு இதமாக இருக்கும் என்று ஊரே சொல்லும். அலோர் காஜா வட்டாரத்தில் செங்குத்தாக நட்டு வைத்த பழங்காலக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உயிருள்ள கல், வளர்கிறது என்பது அங்குள்ள நம்பிக்கை. நானிங் என்று பேர் பெற்ற அந்த வட்டாரத்துப் பெங்ஹூலு டோல் சாயிட் வரிகொடுக்க மறுத்ததால் 1831-இல் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். அடுத்த வருஷம் இரண்டாம் தடவை போய்த்தான் ஜெயிக்க முடிந்தது. ஆசாஹானிலிருந்து நிமிர்ந்தால் 1276 மீட்டர் கூனோங் லேடாங். அதன் அடிவார அருவியில் பிப்ரவரியில் தண்ணீர் கொஞ்சம் இளைத்திருக்கும், பாறையில் உட்கார இடம் கூடியிருக்கும்.

கடைசியாக ஒன்று. மலாக்கா மாநிலத்தின் ஒரு துண்டு மலாக்காவிலேயே இல்லை, தெரியுமா? தஞ்சோங் துவான்! போர்ட்டிக்சனுக்குப் பக்கத்தில், சுற்றிலும் நெகிரி செம்பிலான் நிலம், எதிரே கடல், ஆனால் நிர்வாகம் மலாக்கா. போர்த்துகீசியர் காலத்திலேயே கலங்கரை விளக்கம் எழுந்த முனை அது. இப்போது நிற்பது 1863-இல் கட்டியது. குளிருக்குத் தப்பித் தெற்கே போன வல்லூறுகளும் தேன்பருந்துகளும் பிப்ரவரி, மார்ச்சில் சுமத்ராவிலிருந்து கடலைக் கடந்து வடக்கே திரும்பும்போது முதலில் தொடும் கரை இதுதான். கடலுக்கு மேலே வெப்பக்காற்று எழும்பாது. இறக்கையை விரித்து மிதந்தே பழகிய இந்தப் பறவைகள் அடித்துப் பறக்க வேண்டியிருக்கும். அதனால் நீரிணை குறுகுகிற இடமாகப் பார்த்து, ஏறக்குறைய 38 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடந்து, களைத்துப்போய்த் தலைக்கு மேலே தாழப் பறந்து வரும். பக்கத்து மேட்டில் வெப்பக்காற்று கிடைத்ததும் வட்டமடித்து ஏறி மறைந்துவிடும். வெயில் ஏறிய பத்து மணிக்குப் பிறகு போனால் போதும், விடியலில் போக வேண்டியதில்லை. மார்ச் முதல் வாரத்தில் மலேசிய இயற்கைக் கழகத்தார் தொலைநோக்கிகளோடு வந்து கூடுவார்கள். வெட்கப்படாமல் கேட்டால் நமக்கும் பார்க்கக் கொடுப்பார்கள். தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பிளாஸ்டிக் பையில் முறுக்கு மட்டும் வேண்டாம், கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் பாதையில் குரங்குகள் அதற்குத்தான் காத்திருக்கின்றன.